வெப்பக் கணக்கு நேராகாதபோது: வெப்பப் பரிமாற்ற சிமுலேஷன்களில் பிழை தேடுவதற்கான முழுமையான வழிகாட்டி

வெப்பப் பரிமாற்றத்தைக் கணினியில் சிமுலேஷன் செய்யும்போது நேரும் தவறுகள் இரண்டு வகைப்படும். ஒன்று, சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) பாதியில் நின்று பிழைச் செய்தி காட்டுவது. மற்றொன்று, எல்லாம் ஒழுங்காக ஓடி முடிந்து, அழகான வண்ணப்படமும் கிடைத்து, அதிலுள்ள வெப்பநிலை மட்டும் தவறாக இருப்பது. முதல் வகையால் நம் நேரம்தான் போகும். இரண்டாவது வகையோ அறிக்கைக்குள் நுழைந்து, வடிவமைப்புக்குள் நுழைந்து, கடைசியில் கருகிப்போன ஒரு பாகமாக நம் மேசைக்கே திரும்பி வரும். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இரண்டாவது வகையைப் பற்றியது.

விடை சந்தேகமாக இருந்தால் உடனே மெஷ்ஷை (வடிவத்தைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலையை) நுணுக்குவதும், சால்வரின் துல்லிய வரம்பை மாற்றிப் பார்ப்பதும் பலருக்குப் பழக்கம். நான் அந்த வரிசையைப் பரிந்துரைப்பதில்லை. பிழை பெரும்பாலும் நாம் மென்பொருளிடம் சொன்னவற்றில் இருக்கிறது: அலகில், பரப்பில், இணைப்பில், விட்டுப்போன ஓர் எல்லையில். இவற்றைப் பிடிக்க, கொடுத்த வெப்பம் எந்த வழியாக எவ்வளவு வெளியேறியது என்ற வரவு செலவுக் கணக்கைப் போன்ற நல்ல கருவி வேறில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்துள்ளன.

விடை தெரிந்த ஒரு தகட்டிலிருந்து தொடங்குங்கள்

பிழை தேடுவதற்கு முன், கையால் கணக்கிடக்கூடிய ஓர் எளிய மாதிரியை உங்கள் மென்பொருளிலேயே கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அன்சிஸ், காம்சால், அபாகஸ், கால்குலிக்ஸ் என எதுவானாலும் இது அரை மணி நேர வேலை. நான் பயன்படுத்துவது 100 மி.மீ நீளம், 100 மி.மீ அகலம், 5 மி.மீ தடிமன் கொண்ட ஓர் அலுமினியத் தகடு. உலோகக் கலவை 6061. அதன் வெப்பக் கடத்துத்திறன் 167 வாட்/மீ.கெ, அடர்த்தி 2700 கிகி/மீ³, தன் வெப்ப ஏற்புத்திறன் 896 ஜூல்/கிகி.கெ. அடிப்பக்கத்தின் நடுவில் 20 மி.மீ சதுரத்தில் 6 வாட் வெப்பம் நுழைகிறது. அடிப்பக்கத்தின் மற்ற இடங்கள் காப்பிடப்பட்டவை. மேற்பரப்பிலும் நான்கு விளிம்புகளிலும் 30 டிகிரி செல்சியஸ் காற்றுக்கு, 10 வாட்/மீ².கெ என்ற வெப்ப இழப்புக் குணகத்தோடு வெப்பம் போகிறது.

வெப்பம் வெளியேறும் பரப்பு 0.010 மீ² மேற்பரப்பும் 0.002 மீ² விளிம்புகளுமாக 0.012 மீ². இதைக் குணகத்தால் பெருக்கினால் ஒரு கெல்வினுக்கு 0.12 வாட் கிடைக்கும். எனவே 6 வாட் வெளியேற வேண்டுமானால் அந்தப் பரப்பு காற்றைவிடச் சராசரியாக 50 கெல்வின் உயர்ந்திருக்க வேண்டும். அதாவது 80 டிகிரி. தகட்டின் மெல்லிய உடலும் அலுமினியத்தின் கடத்தும் தன்மையும் சேர்ந்து வெப்பத்தை நன்றாகப் பரப்பிவிடுவதால், நடுப்புள்ளிக்கும் மூலைக்கும் இடையே ஏறத்தாழ 2 கெல்வின்தான் வேறுபாடு இருக்கும்.

நேரக் கணக்கும் இதே அளவு எளிது. தகட்டின் நிறை 0.135 கிகி. அது ஒரு கெல்வின் சூடேற 121 ஜூல் வேண்டும். இதை 0.12-ஆல் வகுத்தால் காலமாறிலி (மொத்த உயர்வில் ஏறத்தாழ 63 சதவீதத்தை எட்டும் நேரம்) ஏறத்தாழ 1008 நொடி, அதாவது 17 நிமிடம். முதல் நிமிடத்தில் தகடு ஏறக்குறைய 2.9 கெல்வின் உயர வேண்டும். 17-ஆவது நிமிடத்தில் 61 அல்லது 62 டிகிரியை எட்ட வேண்டும். நிலைத்த நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும்.

உங்கள் மென்பொருள் இந்த எண்களைத் தரவில்லை என்றால், பெரிய மாதிரியில் பிழை தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள். தந்துவிட்டால், மென்பொருளை எப்படிப் பேச வைப்பது என்று உங்களுக்குத் தெரியும். சிக்கல் உங்கள் மாதிரிக்கே உரியது.

வரவு செலவு பார்ப்பது எப்படி

நிலைத்த நிலையில் உள்ளே வந்த வெப்பமும் வெளியே போன வெப்பமும் சமமாக இருக்க வேண்டும். நேரம் சார்ந்த கணக்கில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொருளில் சேமிப்பாக இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஒவ்வொரு மென்பொருளிலும் வழி உண்டு. அன்சிஸ் மெக்கானிக்கலில் ரியாக்ஷன் புரோப், அபாகஸிலும் கால்குலிக்ஸிலும் ஆர்எஃப்எல் என்ற வெளியீடு, ஃபுளூயன்ட்டில் ஃபிளக்ஸ் ரிப்போர்ட், ஓப்பன்ஃபோமில் வால்ஹீட்ஃபிளக்ஸ், காம்சாலில் எல்லைகளின் மீது தொகையிடும் வசதி ஆகியவை அதற்கானவை.

இந்தக் கணக்கில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, வரவும் செலவும் ஒன்றோடொன்று பொருந்துவது மட்டும் போதாது. வரவு, நாம் கொடுக்க எண்ணிய அளவாகவும் இருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்னணுப் பெட்டியின் மாதிரியில் இரண்டு நாட்கள் நான் மெஷ்ஷோடு போராடினேன். வெப்பநிலை எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. வரவும் செலவும் கடைசி இலக்கம் வரை பொருந்தின. சமச்சீரைப் பயன்படுத்திக் கால் பகுதியை மட்டும் கட்டியிருந்த நான், வெப்பத்தை மட்டும் முழு அளவாகக் கொடுத்திருந்தேன். நம் சோதனைத் தகட்டில் இதைச் செய்தால் 50 கெல்வின் உயர்வு 200 கெல்வினாகும். விடை இரண்டு மடங்காகவோ நான்கு மடங்காகவோ நிற்கும்போது முதலில் சமச்சீரைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது நுட்பம் பலரைக் குழப்புவது. வடிவத்தைச் சிறு கூறுகளாகவும் அவற்றை இணைக்கும் முனைகளாகவும் பிரித்துத் தீர்க்கும் வரையுறு கூறு முறையில் செய்யும் திண்மக் கணக்கில், வெளியேறும் வெப்பத்தை வெப்பநிலைச் சரிவிலிருந்து கணக்கிட்டால், மெஷ் பருமனாக இருக்கும்போது சில சதவீதம் துண்டு விழலாம். அதே வெப்பத்தை இழப்புக் குணகம் பெருக்கல் வெப்பநிலை வேறுபாடு என்று தொகையிட்டாலோ, முனைகளின் எதிர்வினையாகக் கூட்டினாலோ மிகத் துல்லியமாகப் பொருந்தும். சரிவைக் கொண்டு பார்க்கையில் மட்டும் துண்டு விழுந்தால், அது விடையிலுள்ள பிழையைவிட விடையை வாசிக்கும் முறையிலுள்ள பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு முறையிலும் துண்டு விழுந்தால், நமக்குத் தெரியாத ஒரு வாசல் வழியாக வெப்பம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வாசல் பெரும்பாலும், தவறுதலாக வெப்பநிலை நிர்ணயிக்கப்பட்ட ஒரு முகம்.

அலகுகள்

காம்சால் போன்றவை ஒவ்வோர் எண்ணோடும் அலகை ஏற்றுக்கொள்கின்றன. அபாகஸ், கால்குலிக்ஸ் ஆகியவற்றுக்கு அலகு என்பதே தெரியாது. நாம்தான் ஒரே முறையில் நிற்க வேண்டும். எந்திரவியல் கணக்குகளுக்குப் பழகியவர்கள் மில்லிமீட்டர், டன், நொடி என்ற முறையை வெப்பக் கணக்கிலும் பயன்படுத்துகிறார்கள். அப்போது ஆற்றல் மில்லிஜூலிலும் திறன் மில்லிவாட்டிலும் வருகின்றன. நம் தகட்டை அந்த முறையில் எழுதினால், கடத்துத்திறன் 167 என்றே இருக்கும். ஆனால் இழப்புக் குணகம் 10-க்குப் பதில் 0.01, வெப்பம் 6-க்குப் பதில் 6000, அடர்த்தி 2.7 × 10⁻⁹, தன் வெப்ப ஏற்புத்திறன் 8.96 × 10⁸ என்று மாறும். கடத்துத்திறன் மாறாமல் இருப்பதே பொறி. அதைப் பார்த்து மற்றவையும் மாறா என்று நினைத்துவிடுகிறோம்.

பிழையின் அளவே அதன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வெப்பநிலை உயர்வு 50-க்குப் பதில் 0.05 என்று வந்தால் ஆயிரம் மடங்குப் பிழை. குணகத்தையோ வெப்பத்தையோ மாற்ற மறந்திருக்கிறீர்கள். உயர்வு 0.00005 என்றால் பத்து லட்சம் மடங்கு. மில்லிமீட்டரில் வரைந்த வடிவம் மீட்டராக உள்ளே வந்து, தகடு 100 மீட்டர் அகலமாகியிருக்கலாம். எஸ்டிஎல் கோப்பில் அலகே எழுதப்படுவதில்லை. ஓப்பன்ஃபோமோ எல்லாவற்றையும் மீட்டராகவே எடுத்துக்கொள்ளும். எனவே இறக்குமதி செய்தவுடன் மாதிரியின் எல்லைப் பெட்டியின் அளவைப் பாருங்கள். நிலைத்த விடை சரியாக இருந்து, நேரக் கணக்கில் மட்டும் தகடு ஒரு மில்லிநொடியில் சூடேறிவிட்டால், தன் வெப்ப ஏற்புத்திறனை 896 என்றே விட்டிருக்கிறீர்கள். அது நிலைத்த விடையைத் தொடுவதேயில்லை. அதனால்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

எல்லை நிபந்தனைகள்

எந்த நிபந்தனையும் கொடுக்கப்படாத முகத்தை, திண்மக் கணக்குகளில் மென்பொருள் முழுக் காப்பிடப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. அது மௌனமாக நடக்கும், எச்சரிக்கை வராது. ஆகவே மாதிரியின் முகங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, இது எந்த நிபந்தனைக்குள் இருக்கிறது என்று கேட்டுச் செல்லுங்கள். குறிப்பாக வடிவத்தைத் திருத்தி மறுபடி இறக்குமதி செய்த பிறகு முக எண்கள் மாறியிருக்கலாம். மேற்பரப்புக்குக் கொடுத்த நிபந்தனை ஒரு துளையின் உட்சுவரில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

வெப்பத்தை மொத்த வாட்டாகவோ, பரப்புக்கு இவ்வளவு என்றோ, கனஅளவுக்கு இவ்வளவு என்றோ கொடுக்கலாம். நம் தகட்டில் 6 வாட், 4 செ.மீ² பரப்பில் 15,000 வாட்/மீ² ஆகிறது. இவற்றை மாற்றிக் கொடுத்தால் பிழை பெரிதாக இருக்கும் என்பதால் எளிதில் பிடிபடும். பிடிபடாதது, மொத்தத் திறனைப் பல பாகங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கும்போது நேர்வது. 6 வாட் என்பது அனைத்துக்கும் சேர்த்தா, ஒவ்வொன்றுக்குமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். வரவுக் கணக்கை ஒரு முறை பார்த்தால் ஐயம் தீரும்.

வெப்பநிலையை நேரடியாக நிர்ணயிப்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. 30 டிகிரி என்று நிர்ணயித்த முகம், எவ்வளவு வெப்பத்தை வேண்டுமானாலும் விழுங்கிவிட்டு 30 டிகிரியிலேயே நிற்கும் வரம்பற்ற தொட்டி. உண்மையில் அங்கே ஒரு பெட்டிச் சுவரோ காற்றோதான் இருக்கிறது. இத்தகைய முகம் மற்ற பிழைகளையெல்லாம் மறைத்து, விடையை நம்பும்படி காட்டும். அதை வைக்க வேண்டியிருந்தால், அதன் வழியாக எத்தனை வாட் போகிறது என்று பார்த்து, அவ்வளவை உண்மையான அமைப்பு தாங்குமா என்று கேளுங்கள்.

இதற்கு எதிர் நிலையும் உண்டு. எல்லா முகங்களிலும் வெப்ப அளவு மட்டும் கொடுத்து, எங்கும் வெப்பநிலையோ காற்றின் வெப்பநிலையோ சொல்லாவிட்டால், நிலைத்த கணக்குக்கு ஒரே விடை என்பது கிடையாது. வெப்பநிலையை எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அணி ஒருமைத்தன்மை உடையது (சமன்பாடுகளுக்கு ஒரே விடை இல்லை) என்றோ, பிவட் சுழி என்றோ செய்தி வந்து நின்றால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

பாகங்கள் சேரும் இடம்

பல பாகங்கள் சேர்ந்த மாதிரியில் ஒரு பாகம் கொதிக்க, அதை ஒட்டியிருக்கும் பாகம் அறை வெப்பநிலையிலேயே இருந்தால், கண்ணுக்கு ஒட்டித் தெரியும் அவை மென்பொருளுக்குள் ஒட்டவில்லை என்று பொருள். காம்சாலில் வடிவத்தை யூனியனாக முடித்தால் பொது முகம் பகிரப்படும். அசெம்பிளியாக முடித்தால் ஒவ்வோர் இணைக்கும் தொடர்ச்சியை நாமே சொல்ல வேண்டும், இல்லையேல் அங்கே காப்புச் சுவர். அபாகஸில் இரு பரப்புகளை ஒட்டவைக்கும் டை கட்டுப்பாடோ வெப்பத் தொடுகையோ வேண்டும். வரைபடத்தில் பாகங்களுக்கிடையே விழுந்த 0.01 மி.மீ இடைவெளிகூட இணைப்பைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை ஏமாற்றக்கூடும்.

எதிர்ப்பக்கத்திலும் தவறலாம். இயல்பாகக் கிடைக்கும் இணைப்பு பெரும்பாலும் குறையற்ற இணைப்பு. உண்மையான தொடுகை அப்படி இருப்பதில்லை. நம் 4 செ.மீ² தொடுபரப்பில் 0.05 மி.மீ காற்று இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். காற்றின் கடத்துத்திறன் 0.026 வாட்/மீ.கெ. 6 வாட் அதைக் கடக்க ஏறத்தாழ 29 கெல்வின் வேறுபாடு வேண்டும். அதே இடைவெளியை 3 வாட்/மீ.கெ கடத்துத்திறன் கொண்ட வெப்பப் பசை நிரப்பினால் கால் கெல்வின் போதும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுள்ள இடைவெளி இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குவதால், தொடுகையை அளந்தோ, குறைந்தபட்சம் இரு எல்லை மதிப்புகளைக் கொடுத்துப் பார்த்தோ முடிவு செய்யுங்கள்.

பொருளின் மதிப்புகளும் இங்கேயே சொல்லப்பட வேண்டியவை. அலுமினியம் என்று நூலகத்தில் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் தூய அலுமினியத்துக்கு நெருங்கிய மதிப்பு. வார்ப்புக் கலவைகளில் கடத்துத்திறன் அதில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம். மின்சுற்றுப் பலகையைத் தடிமன் வழியாகக் கடக்கும் வெப்பத்துக்கு மதிப்பு 0.3 அளவில் இருக்கும். செம்பு அடுக்குகளின் திசையில் அது பல மடங்கு. திசைக்குத் திசை மாறும் மதிப்பைக் கொடுத்தபின் பாகத்தைச் சுழற்றினால், பொருளின் அச்சும் கூடவே சுழன்றதா என்று பாருங்கள்.

கதிர்வீச்சை மறந்தீர்களா, இருமுறை சேர்த்தீர்களா

அறை வெப்பநிலைக்கு அருகில் கதிர்வீச்சு பொருட்படுத்தத் தக்கதன்று என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மின்விசிறி இல்லாத அமைப்புகளில் அது தவறு. 80 டிகிரியில் உள்ள பரப்பு 30 டிகிரிச் சூழலுக்கு, உமிழ்திறன் 1 என்று கொண்டால், கதிர்வீச்சால் மட்டும் 8 வாட்/மீ².கெ அளவுக்கு வெப்பம் இழக்கிறது. ஆனோடைஸ் செய்த அலுமினியத்தின் உமிழ்திறனை 0.8 என்று கொண்டால் 6.4, மெருகேற்றிய பளபளப்பான அலுமினியத்துக்கு 0.05 என்றால் வெறும் 0.4. அதே தகடு செங்குத்தாக நின்றால் காற்றின் இயற்கையான வெப்பச்சலனம் தருவது 7 அளவு. ஆக, ஆனோடைஸ் செய்த பரப்பில் கதிர்வீச்சும் காற்றும் ஏறக்குறைய சம பங்காளிகள்.

இதிலிருந்து இரண்டு சோதனைகள் பிறக்கின்றன. நீங்கள் பயன்படுத்தும் குணகம் காற்றுக்கு மட்டுமா, கதிர்வீச்சையும் சேர்த்ததா? சேர்த்த குணகத்தைக் கொடுத்துவிட்டு மென்பொருளில் கதிர்வீச்சையும் இயக்கினால் ஒரே வெப்பத்தை இருமுறை வெளியேற்றுகிறீர்கள். அடுத்தது, துடுப்புகள் உள்ள வெப்பத் தணிப்பானில் ஒவ்வொரு துடுப்பும் எதிர்த் துடுப்பைத்தான் பெரிதும் பார்க்கிறது, அறையைக் கொஞ்சமே பார்க்கிறது. எல்லாத் துடுப்புப் பரப்புக்கும் சூழலுக்கு நேர்க் கதிர்வீச்சு என்று கொடுத்தால் குளிர்ச்சி மிகையாகக் காட்டப்படும். முகத்துக்கு முகம் பார்வைக் காரணியை (ஒரு முகம் மற்றொன்றை எவ்வளவு பார்க்கிறது என்பதை) கணக்கிடும் முறையைப் பயன்படுத்துங்கள்.

ஸ்டெஃபான் 1879-இல் கண்டு, போல்ட்ஸ்மேன் 1884-இல் கோட்பாட்டு வழியில் நிறுவிய கதிர்வீச்சின் நான்காம் அடுக்கு விதி தனி வெப்பநிலையில்தான் (கெல்வினில்தான்) செல்லும். 80, 30 என்ற செல்சியஸ் எண்களையே நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பது 2.3 வாட்/மீ², கெல்வினில் சரியாகச் செய்தால் 403 வாட்/மீ². அபாகஸிலும் கால்குலிக்ஸிலும் செல்சியஸில் வேலை செய்வோர், தனிச் சுழியை −273.15 என்றும், ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மேன் மாறிலியைத் தம் அலகு முறையிலும் கொடுக்க வேண்டும். மீட்டர் முறையில் அது 5.67 × 10⁻⁸, மில்லிமீட்டர்–டன் முறையில் 5.67 × 10⁻¹¹.

இப்போது மெஷ்

மேலே சொன்னவை எல்லாம் நேரான பிறகு மெஷ்ஷைத் தொடுங்கள். கூறுகளின் அளவைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, மூன்று மெஷ்களில் உங்களுக்கு வேண்டிய அந்த ஓர் எண்ணை மட்டும் எழுதுங்கள். மாற்றங்கள் சுருங்கிக்கொண்டே வந்தால் நல்லது. வெப்பநிலை விரைவில் நிலைபெறும். அதன் சரிவைச் சார்ந்த வெப்பப் பாய்வு மெதுவாகத்தான் நிலைபெறும். எனவே எதை அறிக்கையில் எழுதப்போகிறீர்களோ அதையே சோதியுங்கள்.

நுணுக்க நுணுக்க எண் ஏறிக்கொண்டே போனால் மெஷ்ஷைக் குறை சொல்ல வேண்டாம். வெப்பத்தை ஒற்றை முனையில் கொடுத்திருந்தால், அந்தப் புள்ளியின் உண்மையான விடையே முடிவிலி. மெஷ் அதை நோக்கி உண்மையாக நடக்கிறது. வெப்பத்தை ஒரு பரப்பிலோ கனஅளவிலோ பரப்பிக் கொடுங்கள். உள்நோக்கிய கூர்மூலைகளில் வெப்பப் பாய்வும் இவ்வாறே உயரும். அங்கே உச்ச மதிப்பை வாசிக்காமல், ஒரு பரப்பின் தொகையை வாசியுங்கள்.

வண்ணப்படத்தின் அளவுகோலையும் கவனியுங்கள். நம் தகட்டில் மொத்த வேறுபாடே 2 கெல்வின்தான் என்றாலும், மென்பொருள் தானாக அமைக்கும் அளவுகோல் நடுவைச் செந்நிறமாகவும் மூலைகளை நீலமாகவும் காட்டும். அதைப் பார்த்துவிட்டு வெப்பம் பரவவில்லை என்று தடிமனைக் கூட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நேரம் சார்ந்த கணக்குகள்

இங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி, 30 டிகிரியில் தொடங்கிய பொருளின் ஒரு பகுதி சூடேற்றும்போது ஏன் 27 டிகிரிக்குப் போகிறது என்பது. நேரப் படியைக் குறைத்தால் சரியாகும் என்று குறைக்கிறார்கள், இன்னும் மோசமாகிறது. காரணம் இதுதான். இரண்டாம் வரிசைக் கூறுகளில் (விளிம்பின் நடுவிலும் முனை உள்ளவை), கூறின் நீளத்தின் இருமடியை வெப்ப விரவல் குணகத்தின் (கடத்துத்திறனை அடர்த்தி, தன் வெப்ப ஏற்புத்திறன் இரண்டின் பெருக்கலால் வகுத்தது) ஆறு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் நேரத்தைவிடச் சிறிய படியை எடுத்தால், அத்தனை குறுகிய காலத்தில் வெப்பம் ஒரு கூறுக்குள்கூட ஊடுருவியிருக்காது. அந்தக் கூர்மையான சரிவை வரைய முடியாத கூறு மேலும் கீழும் அலைகிறது. 2 மி.மீ கூறுக்கு அலுமினியத்தில் இந்த நேரம் 0.01 நொடிக்குச் சற்றுக் கீழே. கடத்துத்திறன் 0.2 உள்ள ஒரு சாதாரண பிளாஸ்டிக்கிலோ ஏறத்தாழ 5 நொடி. ஆகவே பிளாஸ்டிக் பாகத்தில் ஒரு நொடிப் படி வேண்டுமானால், பரப்பருகே கூறுகளை நுணுக்க வேண்டும். அல்லது வெப்பக் கொள்ளளவை முனைகளில் குவித்து வைக்கும் முதல் வரிசைக் கூறுகளைப் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு நுணுக்குவது என்பதற்கு வெப்பம் ஊடுருவும் ஆழம் வழிகாட்டும். விரவல் குணகத்தையும் நேரத்தையும் பெருக்கி இருமடி மூலம் எடுத்தால், ஒரு நொடியில் அலுமினியத்தில் 8 மி.மீ, அந்தப் பிளாஸ்டிக்கில் 0.4 மி.மீக்கும் குறைவு. இந்த ஆழத்துக்குள் சில கூறுகளாவது இருக்க வேண்டும்.

வேறு விதமான ஆட்டமும் உண்டு. 1947-இல் வெளிவந்த கிராங்க்–நிக்கல்சன் என்ற நேரப் படி முறை துல்லியமானது. ஆனால் திடீரென வெப்பநிலை தாவும் இடத்தில், படி பெரிதாக இருந்தால், மேலும் கீழும் அசையும் விடையைத் தரும். தொடக்கத்தில் பின்னோக்கிய ஆய்லர் முறையில் சில சிறு படிகள் நடந்துவிட்டு, பிறகு மாறிக்கொள்வது நல்லது.

சால்வர் குவியாதபோது

கதிர்வீச்சு, வெப்பநிலையோடு மாறும் கடத்துத்திறன், உருகுதல் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் குவிதலை (திரும்பத் திரும்பக் கணக்கிட்டு விடை நிலைபெறுவதை) கெடுப்பவை. மூன்றையும் நீக்கி, எல்லா மதிப்புகளையும் மாறிலிகளாக்கி ஓட்டுங்கள். அது ஓடினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். எதைச் சேர்த்தபோது நின்றதோ அங்கே தேடலாம். எளிய கணக்கின் விடையையே அடுத்ததற்குத் தொடக்க வெப்பநிலையாகக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பொருள் மதிப்புகளைப் பல்லுறுப்புக் கோவையாகக் கொடுத்திருந்தால், அது பொருந்தும் வெப்பநிலை வரம்புக்கு வெளியே என்ன மதிப்பைத் தருகிறது என்று வரைந்து பாருங்கள். குவிதலின் நடுவில் வெப்பநிலை ஒரு கணம் எங்கேயாவது தாவும். அங்கே கடத்துத்திறன் எதிர்மமானால் கணக்கு மீளாது. உருகும் பொருளில் உள்ளுறை வெப்பத்தை மிகக் குறுகிய வெப்பநிலை இடைவெளியில் கொடுத்தால், பெரிய நேரப் படி அந்த இடைவெளியையே தாண்டிக் குதித்து, பனிக்கட்டியின் கிலோவுக்கு 334 கிலோஜூலைக் கணக்கில் சேர்க்காமலே போய்விடலாம். சேமிப்புக் கணக்கு இதை உடனே காட்டிக்கொடுக்கும்.

காற்றையும் சேர்த்துக் கணக்கிடும்போது

குணகத்தைக் கையால் கொடுக்காமல் காற்றோட்டத்தையே கணக்கிடும் மாதிரிகளில் முதலில் ஈர்ப்பு விசையைப் பாருங்கள். ஃபுளூயன்ட்டில் அது இயல்பாக அணைந்திருக்கும். அணைந்திருந்தால் காற்று எழும்பாது; தகடு எரிமலைபோல் சூடேறும். இயங்கியிருந்தாலும் அதன் திசை, உங்கள் மாதிரியின் மேல் கீழோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஓட்டத்தின் தன்மை. நம் தகடு செங்குத்தாக நின்றால் அதன் ரேலி எண் (சூட்டால் எழும் ஓட்டத்தின் வலிமையைக் காட்டுவது) ஏறத்தாழ 30 லட்சம். செங்குத்துப் பரப்பில் கொந்தளிப்பு தொடங்கும் 100 கோடிக்கு அது வெகு கீழே. இங்கே கொந்தளிப்பு மாதிரியை இயக்குவது தேவையற்ற கலப்பைச் சேர்த்து விடையைத் திரித்துவிடும். சுவரை ஒட்டிய வெப்ப அடுக்கின் தடிமன் சில மில்லிமீட்டர். அதற்குள் குறைந்தது ஐந்தாறு அடுக்குகளாவது மெஷ்ஷில் இருக்கட்டும்.

நிலைத்த கணக்கில் எச்சங்கள் (சமன்பாடுகளில் இன்னும் தீராத மீதி) ஓர் அளவுக்கு மேல் இறங்காமல் அலைந்துகொண்டிருந்தால், எழும் காற்றுத் தூண் உண்மையிலேயே அசைகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அப்போது நேரம் சார்ந்த கணக்குக்கு மாறி, சராசரி எடுங்கள். எச்சங்கள் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டன என்பதை மட்டும் நம்பியும் நிறுத்தாதீர்கள். திண்மத்தின் வெப்பநிலை காற்றைவிட மிக மெதுவாக நிலைபெறும். ஒரு புள்ளியின் வெப்பநிலையைத் தொடர்ந்து வரைந்து, அது கிடையாகும் வரையிலும் வரவு செலவு பொருந்தும் வரையிலும் ஓட்டுங்கள்.

அளவீடு ஒத்துப்போகாதபோது

கடைசியில் உண்மையான தகட்டை அளந்து பார்க்கிறோம். எண் வேறாக இருக்கிறது. உடனே மாதிரியைத் திருத்துவதற்கு முன் அளவீட்டையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். பளபளப்பான அலுமினியத்தை அகச்சிவப்புக் கேமராவால் பார்த்தால், கேமரா பெரும்பாலும் அறையின் பிரதிபலிப்பைத்தான் படிக்கிறது. 80 டிகிரித் தகடு அறை வெப்பநிலைக்கு அருகில் இருப்பதாகக் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப்பின் ஒரு சிறு துண்டைப் பரப்பில் ஒட்டி, உமிழ்திறனை 0.95 என்று வைத்து அந்தத் துண்டின் மீது அளந்தால், உண்மைக்கு நெருங்கிய எண் கிடைக்கும். கே வகை வெப்ப இரட்டையில் சிறந்த தர வகுப்புக்கே ±1.5 டிகிரி விலக்கு அனுமதிக்கப்படுகிறது. அதைப் பரப்போடு சரியாக ஒட்டாவிட்டால் இன்னும் கூடும்.

உள்ளே போகும் வெப்பத்தையும் அளக்க வேண்டும். மின்தடையில் மின்திறன் முழுவதும் வெப்பமாகிறது. எல்இடியில் ஒரு பகுதி ஒளியாகப் போய்விடுகிறது. மின்கம்பிகளும் தகட்டைத் தாங்கும் திருகுகளும் மாதிரியில் இல்லாத வாசல்கள். நம் தகட்டின் மொத்த வெளியேற்றமே ஒரு கெல்வினுக்கு 0.12 வாட்தான் என்பதால், ஒரு கெல்வினுக்கு 0.01 வாட் கடத்தும் ஒரு தடித்த கம்பி மட்டுமே 50 கெல்வின் உயர்வை 46-ஆகக் குறைத்துவிடும். ஒத்துப்போகாத அளவீட்டுக்கு எதிரில் இழப்புக் குணகத்தை மெல்ல மாற்றிக்கொண்டே போய்ப் பொருத்திவிடுவது எளிது. ஆனால் அந்தக் கம்பி வழியே போகும் அரை வாட் அப்போது குணகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அடுத்த வடிவமைப்பில் கம்பி மெல்லியதாக மாறும்போது அந்தக் குணகம் பொருந்தாது. எனவே பொருத்துவதற்கு முன், கம்பியை மாதிரியில் வரையுங்கள், திருகுகளையும் வரையுங்கள், பிறகு வரவு செலவை மறுபடி எழுதிப் பாருங்கள்.